அளந்த குருதியும் அளிக்கப்படாத விடையும்

மருத்துவக் கல்லூரியின் வாயிலைக் கடக்கும் மாணவன் தொடக்கத்திலேயே பயில்வன இரண்டு. ஒன்று உடற்கூற்றியல், மற்றையது உடற்றொழிலியல். முன்னையது உயிர் நீங்கிய உடலின் அமைப்பைக் காட்டுவது. பின்னையது உயிருள்ள உடல் இயங்கும் முறையை விளக்குவது. இதயம் ஏன் விரைகின்றது, மூச்சு ஏன் வாங்குகின்றது, தசை ஏன் களைக்கின்றது என்னும் வினாக்களுக்கு விடை கூறுவது அதுவே. ஆகவே, உழைக்கும் மனிதனுக்கு மிக அண்மையில் நிற்கவேண்டிய விஞ்ஞானம் ஒன்று உண்டெனில், அது உடற்றொழிலியலே ஆகும். ஆயினும், இலங்கையின் பெருந்தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை, இவ்விஞ்ஞானம் அவர்தம் உடலை அளந்தது. அளந்து கண்டதை ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதி வைத்தது. அதன்பின் அவர்தம் வேலையளவையும் கூலியையும் தீர்மானிக்கும் இடத்திற்கு அவ்வறிவு வந்து சேரவில்லை. இக்குற்றச்சாட்டு கடுமையானது எனச் சிலர் கருதலாம். கடுமை சொல்லில் இல்லை, நடந்தவற்றில் இருக்கின்றது.

கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவிலிருந்து இவ்விடயத்தை நோக்குதல் பொருத்தமாகும். மலையகம் என்றவுடன் நுவரெலியாவையும் ஹட்டனையும் மட்டுமே நினைவிற்கொள்ளும் வழக்கம் படித்தோரிடையே வேரூன்றியுள்ளது. சப்பிரகமுவவின் தோட்டங்கள் அந்நினைவின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டவை. தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் அச்சரிவுகளில், சிங்களக் கிராமங்களின் இடையிடையே, தமிழ்த் தொழிலாளர் சிறுசிறு தொகையினராய் லயங்களில் வாழ்கின்றனர். 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் களுபஹன தோட்டத்தில் மண்சரிவு உயிர்களைக் கொண்டு சென்றபோது இவ்வூரின் பெயர் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. சில நாட்களில் மறைந்தும் போயிற்று. மண் சரிந்தால் மட்டுமே கண்ணிற்படும் மக்களின் குருதியில் நாள்தோறும் நிகழும் சரிவு எவர் கண்ணிற்படும்?

இத்தோட்டங்களின் உழைப்பு எத்தகையது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். பால் வெட்டும் தொழிலாளி விடிபொழுதில் மரங்களிடையே நிற்கவேண்டும். குளிர்ந்த வேளையிலேயே பால் நன்கு வடியும். ஒவ்வொரு மரமாக ஏறியும் இறங்கியும் நடந்து, சீவிய மரத்தின் சிரட்டையில் சேர்ந்த பாலைப் பின்னர் வாளியிற் சேர்த்துச் சுமந்துவர வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணோ செங்குத்தான சரிவில் நின்று, நிறையும் கூடையை முதுகிற் சுமந்து, குறித்த கிலோவை நிறைவு செய்தல் வேண்டும். நிறைவு செய்யாவிடின் அன்றைய நாள் முழுநாளாகக் கணிக்கப்படாது. ‘அரைப்பேர்’ என்று செக்றோலிற் பதிவாகும். ஒரு மனித உயிரின் ஒரு நாளைப் பாதியாக வெட்டும் அச்சொல்லுக்கு நிகரான கொடுமை தமிழ் அகராதியில் அரிதாகவே கிடைக்கும். அரைப்பேர் வாங்கியவளுக்குக் கிடைக்கும் பட்டமும் ஒன்றுண்டு: சோம்பேறி. வெள்ளைத் துரைமார் காலத்திற் பிறந்த அப்பட்டம், துரைமார் கப்பலேறிய பின்னும் கரையேறாமல் நிலைத்துவிட்டது.

இப்பழிச்சொல் பொய்யென்று நிறுவியது உடற்றொழிலியலே. பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிறயன் செனவிரத்தின முதலியோரும், அமெரிக்காவின் கலிபோர்ணியாவைச் சேர்ந்த எட்ஜேட்டன், கார்ட்னர் முதலிய ஆய்வாளரும் இணைந்து 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வுகள் உலக மருத்துவ இலக்கியத்திற் புகழ்பெற்றவை. 1977 இல் வெளிவந்த முதற்கட்டுரை 75 பெண்களைப் பற்றியது. அவர்தம் குருதியின் ஈமோகுளோபின் அளவு டெசிலீற்றருக்கு 6 கிராம் முதல் ஏறத்தாழ 16 கிராம் வரை வேறுபட்டிருந்தது. ஈமோகுளோபின் குறையக் குறைய உடற்பயிற்சிச் சோதனையில் அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் குறைந்தது. ஒரே அளவான வேலைக்கு இதயம் கூடுதலாக விரைந்தது. குருதியில் இலத்திக்கமிலம் மிகுந்தது. 1979 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த இரண்டாங் கட்டுரை ஆய்வைத் தோட்டத்திற்கே கொண்டு சென்றது. தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்தும், மறு பகுதியினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் வழங்கப்பட்டன. ஒரு மாதத்தின்பின், இரும்பினால் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் பறித்த கொழுந்தின் நிறை குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. 6 முதல் 9 கிராம் வரையான மிகு சோகையுடையோரிடத்தில் இம்முன்னேற்றம் மேலும் தெளிவாகத் தோன்றியது. வேலைநேரத்தில் மட்டுமன்றி அன்றாட வாழ்விலும் அவர்தம் உடலியக்கம் பெருகியிருந்தமை கருவிகளினாற் பதிவு செய்யப்பட்டது. ஆகவே, சோம்பல் எனப்பட்டது மனத்தின் குற்றமன்று, குருதியின் குறை. ஒரு மாதத்து மாத்திரையாற் குறைந்துவிட்ட ‘சோம்பேறித்தனம்’ எவ்வாறு ஓர் இனத்தின் இயல்பாதல் கூடும்?

இதன் பொறிமுறை எளியது. ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்க வல்லது. 14 கிராம் உடையவரின் ஒவ்வொரு நூறு மில்லிலீற்றர் குருதியும் 19 மில்லிலீற்றர் அளவான ஒட்சிசனைத் தசைக்கு எடுத்துச் செல்லும். 7 கிராம் உடையவரின் குருதி அதிற் பாதியையே எடுத்துச் செல்லும். அமர்ந்திருக்கும்போது இக்குறை பெரிதாகத் தோன்றாது. இதயம் சற்று விரைந்து துடித்து ஈடுசெய்துவிடும். சரிவில் ஏறுகையில், கூடை நிறைகையில், வாளி கனக்கையில்தான் அக்கடன் வட்டியோடு கேட்கப்படுகின்றது. தோட்டத்து மருந்தகத்தின் வாங்கில் அமர்ந்திருக்கும் பெண் ‘சுகமாகத்தான்’ தோன்றுவாள்; மலையில் நிற்கும்போதே நோயாளியாவாள். ஆகவே, சோகை நோயை முழுமையாக அறியும் இடம் மருத்துவமனைக் கட்டிலன்று, வேலைத்தலமே. இவ்வுண்மையை உணர்ந்து குருதியை வேலையோடு சேர்த்து அளந்தமைக்காகப் பேராதனை ஆய்வாளரைப் பாராட்டாதிருத்தல் நேர்மையாகாது.

எனினும் பாராட்டோடு நின்றுவிடுதல் இயலாது. 1979 ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவுரை, வளர்முக நாடுகளின் பொருளாதாரத்திற்கு இக்கண்டுபிடிப்பு முக்கியமானது என்னும் கருத்தையே வலியுறுத்தி நிற்கின்றது. அதாவது, இரும்புச்சத்து அளித்தால் கொழுந்து கூடும். கொழுந்து கூடினால் வருவாய் கூடும். மூச்சு வாங்கும் பெண்ணொருத்தியின் துன்பம் கிலோவாக மொழிபெயர்க்கப்பட்ட பின்னரே கேட்கத்தக்கதாகின்றது. இது தனியொரு கட்டுரையின் குறையன்று. தொழிலாளர் உடலைப் பற்றிய ஆய்வுமரபு முழுவதிலும் ஊறிய பார்வை. களைப்பை ஆராய்வதற்கென்றே ஹாவட் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை இயங்கிய புகழ்பெற்ற ஆய்வுகூடம் எங்கு அமைந்திருந்தது? மருத்துவ பீடத்திலன்று, வணிகக் கல்லூரியின் கட்டடத்திலே. களைப்பு நோயாக அன்றி நட்டமாகவே கணிக்கப்பட்டது என்பதற்கு அவ்விலாசமே சான்று.

இவ்விடத்தில் நடைமுறைவாதிகள் ஒரு மறுப்பை முன்வைப்பர். ‘முதலாளிக்கு இலாபத்தின் மொழியே விளங்கும், அம்மொழியிற் பேசித் தொழிலாளிக்கு நன்மை தேடினால் என்ன தவறு?’ என்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தை வரலாறு ஏற்கவில்லை. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தினர் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை இலங்கைத் தோட்டங்களில் தொடங்கினர். தொழிலாளியின் குடலிற் புழு நீங்கினால் அவனது வேலைத்திறன் உயரும் என்பதே தோட்ட உரிமையாளர்க்குக் கூறப்பட்ட நியாயம். மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறியது. ஆனால் போதிய மலகூடங்களைக் கட்டச் செலவு பிடிக்கும். மருந்தின் செலவை ஏற்ற இலாபக்கணக்கு, மலகூடத்தின் செலவை எளிதில் ஏற்கவில்லை. விளைவு யாது? வெறுங்காலோடு நடந்தவனின் பாதத்தின் வழியே புழு மீண்டும் புகுந்தது. ஒரு கொளுக்கிப்புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் குருதி ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றரே. எனினும் நூறு புழுக்கள் சேர்ந்தால் 3 மில்லிலீற்றர். அதனோடு வெளியேறும் இரும்பு ஒரு மில்லிகிராம் அளவினது. சாதாரண உணவிலிருந்து உடல் ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்வதும் ஏறத்தாழ அவ்வளவே. மாதவிடாயும் மகப்பேறும் கேட்கும் இரும்பைப் பெண்ணுடல் எங்கிருந்து பெறும்? இலாபத்தின் மொழியில் எழுதப்பட்ட மருந்துச்சீட்டு, இலாபம் நிற்கும் இடத்திலேயே நின்றுவிடும் என்பதே 1916 கற்பித்த பாடம்.

இலாபவாதத்திற்கு மற்றொரு குறையும் உண்டு. கூடுதலாகப் பறிக்கப்பட்ட கொழுந்து எவருக்குச் சேரும் என்னும் வினாவிற்கு அது வாய் திறப்பதில்லை. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபின், பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டதென்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. உடல் பெற்ற வலிமை அனைத்தையும் உயர்ந்த வேலையளவு விழுங்குமாயின், மாத்திரை தொழிலாளிக்கு மருந்தன்று. இயந்திரத்திற்கு இடப்படும் எண்ணெய் மட்டுமே. மேலும், வேலையிலிருந்து ஓய்ந்த முதியவளுக்கும் பள்ளி செல்லும் சிறுமிக்கும் இலாபக்கணக்கில் இடமே இல்லை. 2016 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய நிலையில் 17 வீதத்தினர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதத்தினர். இக்குழந்தைகள் எத்தனை கிலோ பறித்துத் தம் உரிமையை நிறுவவேண்டும்?

கூலிக்கும் குருதிக்கும் இடையிலுள்ள தொடர்பைப் புளத்கொகுபிட்டியவின் இறப்பர்த் தொழிலாளர்க்கு நெருக்கமானதோர் ஆய்வு நன்கு காட்டுகின்றது. இந்தோனேசிய இறப்பர்த் தோட்டத்து ஆண்களிடையே பஸ்தா முதலியோர் நடத்தி 1979 இல் வெளியிட்ட ஆய்வு அது. சோகையுற்ற பால்வெட்டாளருக்கு 60 நாட்கள் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் இரும்பு கொடுக்கப்பட்டபோது, அவர்தம் வேலைத்திறன் சோகையற்றோரின் நிலையை ஏறத்தாழ எட்டியது. இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறொன்று. ஆய்வில் ஒத்துழைத்தமைக்காக எல்லோருக்கும் ஒரு சிறு கொடுப்பனவு வழங்கப்பட்டிருந்தது. அப்பணத்தால் வீட்டு உணவிற் கீரைவகைகள் கூடின. இரும்பு மாத்திரை பெறாதவரிடத்தும் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. சில நாணயங்கள் மருந்தின் வேலையைச் செய்தன! கூலி என்பது பொருளியற் சொல் மட்டுமன்று. உடற்றொழிலியற் சொல்லுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? கோதுமை மா ரொட்டியும் சாயத்தண்ணீருமே காலை உணவாகும் வீட்டில் மாத்திரை மட்டும் என்ன செய்யும்? தேநீரின் தனின் உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது என்பது 1975 ஆம் ஆண்டளவிலேயே ஆய்வுகளால் வெளிப்பட்ட உண்மை. உலகிற்குத் தேநீர் ஊற்றுபவளின் கிண்ணத்திலேயே அவளது குருதிக்குத் தடை கரைந்திருக்கின்றது. இறைச்சியும் மீனும் கீரையும் பழமும் உள்ள மேசையில் அத்தடை பொருட்டன்று. வறிய அடுப்பங்கரையிலேயே அது வலிமை பெறுகின்றது.

இனி, தோட்டங்களில் விஞ்ஞானமே நுழையவில்லை என்று எவரும் கருதிவிடலாகாது. தேயிலைச் செடியை ஆராய்வதற்கு 1925 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. இறப்பர் மரத்திற்கு அகலவத்தையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. மரத்தின் உடற்றொழிலியல் நுணுகி ஆராயப்பட்டுள்ளது. நாள்தோறும் வெட்டினால் மரம் களைக்கும், பட்டை வறண்டு பால் வற்றும் என்று அறிந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை வகுக்கப்பட்டது. மரத்திற்கு ஓய்வுநாள் உண்டு. அதனை மீறுதல் தொழிற்குற்றம். அம்மரத்தை வெட்டுபவன் மறுநாள் அடுத்த வரிசைக்குச் செல்வான். செடியின் இலையில் நைதரசன் எவ்வளவு என்று கணக்கிட்டு உரமிடும் நிருவாகம், கொழுந்தெடுப்பவளின் குருதியில் இரும்பு எவ்வளவு என்று கேட்டு வேலையளவை வகுத்ததுண்டா? மரத்தின் பாலுக்குக் காட்டிய கரிசனை மனிதனின் குருதிக்குக் காட்டப்படவில்லை என்று கூறுதல் மிகையாகாது.

வேறு வழி இல்லாமலா போயிற்று? பிரித்தானியாவின் உடற்றொழிலியலாளர் ஜோன் ஸ்கொற் ஹோல்டேன் நிலக்கரிச் சுரங்கங்களுள் இறங்கியவர். வெடிவிபத்துகளில் மாண்ட சுரங்கத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வெடியினால் அன்றி, அதன்பின் பரவும் காபனோரொட்சைட்டு வாயுவினாலேயே இறந்தனர் என்பதை 1896 ஆம் ஆண்டு அறிக்கையில் நிறுவினார். அவ்வாயுவைத் தாமே சுவாசித்து அதன் விளைவைக் குறித்தார். வாயு பரவுவதை முன்கூட்டியே உணர்த்தச் சிறு பிராணிகளைச் சுரங்கத்துள் எடுத்துச் செல்லுமாறு அவர் கூறிய யோசனை தொழிலாளரின் உயிர்காத்தது. அவரும் ஈமோகுளோபினையே ஆராய்ந்தார். பேராதனை ஆய்வாளரும் ஈமோகுளோபினையே ஆராய்ந்தனர். ஹோல்டேன் கண்டது சுரங்கத்தின் வழக்கத்தையே மாற்றியது. தேயிலை மலையிற் கண்டது மலையின் வழக்கத்தை மாற்றவில்லை. வேறுபாடு அறிவில் இல்லை. அறிவின் பின்னே நின்ற மக்களின் அரசியல் வலிமையில் உள்ளது. பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளிக்குச் சங்கமும் வாக்கும் இருந்தன. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர், இலங்கைத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் இறப்பு வீதத்தை உயர்த்தியபோதும் அவர்க்காகப் பேச வாக்குச்சீட்டு இருக்கவில்லை. அக்காலத்தின் அண்மையிலேதான் அவர்தம் குருதி அளக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

அன்றைய நிலை இன்றில்லை, பிரசாவுரிமை கிடைத்துவிட்டது. கருவுற்ற தாய்மாருக்கு இரும்பு மாத்திரை அரசினால் வழங்கப்படுகின்றது. இரத்தினபுரியிலே சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இயங்குகின்றது. முன்னர் தொலைவு ஒரு காரணமாகக் கூறப்பட்டிருக்கலாம். மாகாணத்திற்குள்ளேயே மருத்துவ பீடம் அமைந்தபின் அக்காரணம் செல்லாது. ஆகவே, உடற்றொழிலியலைக் கற்பிக்கும் பீடங்களிடம் மூன்று விடயங்களைக் கேட்டல் நியாயமே.

முதலாவது, கற்பித்தல் பற்றியது. உடற்றொழிலியற் பாடநூல்களில் வாழும் ‘சராசரி மனிதன்’ 70 கிலோகிராம் நிறையுள்ள ஆண். கொழுந்துக்கூடையைச் சுமக்கும் பெண் அந்நூலில் எந்தப் பக்கத்தில் நிற்கின்றாள்? மாணவர் தம்முள் ஒருவரையொருவர் அளந்து பழகுவதோடு நின்றுவிடாது, வேலைத்தலத்திற்குச் சென்று, தொழிலாளரின் சம்மதத்தோடு, உழைப்பும் இதயமும் குருதியும் ஒன்றையொன்று பாதிக்கும் முறையைக் கண்டறிதல் பாடத்தின் ஒரு கூறாக வேண்டும்.

இரண்டாவது, மொழி பற்றியது. அளக்கப்பட்டவர்க்கு அளவு சொல்லப்படவேண்டும். அவர்க்கு விளங்கும் மொழியிலே சொல்லப்படவேண்டும். உடற்றொழிலியலைத் தமிழில் எழுத இயலாது என்பது வீண்வாதம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்றொழிலியல் நூலொன்று ‘மனுஷ சுகரணம்’ என்னும் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழாகிவிட்டது. கடல் கடந்து வந்த ஓர் அந்நியர்க்கு இயன்றது, இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இயலாதெனின் அது மொழியின் வறுமையன்று, மனத்தின் வறுமை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ முதல் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகள் வரை தோட்டத் தொழிலாளரின் துயரைத் தமிழ் இலக்கியம் பேசியிருக்கின்றது. இலக்கியம் பேசிய மொழியில் விஞ்ஞானமும் பேசட்டும்.

மூன்றாவதே முதன்மையானது. கண்டறிந்தது வேலையளவையும் கூலியையும் பற்றிய பேச்சுமேசைக்கு வந்தாக வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்னும் அளவு தொழிலாளியின் உடல் தாங்கத்தக்கதா என்று கூறும் தகுதி உடற்றொழிலியலாளர்க்கே உண்டு. அம்மேசையில் கம்பனியின் கணக்காளர் அமர்கின்றார். தொழிற்சங்கத் தலைவர் அமர்கின்றார். உடலைப் பற்றி அறிந்தவரின் ஆசனம் மட்டும் வெறுமையாக இருக்கின்றது.

மருத்துவ பீடம் தொழிற்சங்கமன்று, அது நடுநிலையாக நிற்றல் வேண்டும் என்று சிலர் இதனை மறுக்கக்கூடும். நடுநிலை என்பது உண்மையை மறைத்தலன்று. 7 கிராம் ஈமோகுளோபின் உடையவளும் 14 கிராம் உடையவளும் ஒரே கிலோவைப் பறிக்கவேண்டும் என்று விதிக்கும் செக்றோல் நடுநிலையானதா? அது பக்கஞ் சார்ந்தது என்பதைச் சான்றோடு அறிந்தும் வாளாவிருத்தல், அப்பக்கத்தைச் சார்தலேயாகும். நோயை அறிந்தபின் அதன் மூலத்தை நாடவேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் ஒழுங்கு வகுத்துச் சென்றுள்ளார். சோகையின் மூலம் குருதியோடு முடிவதில்லை. அது பாதத்திற் செருப்பின்மையிலும், லயத்தில் மலகூடமின்மையிலும், அடுப்பங்கரையிற் கீரையின்மையிலும், செக்றோலின் அரைப்பேரிலும் கிளைத்து நிற்கின்றது. அம்மூலத்தைத் தொடாத மருத்துவம் பாதி மருத்துவமே.

தோட்டத் தொழிலாளர் விஞ்ஞானத்திற்குத் தம் விரல்நுனியை நீட்டிக் குருதி தந்தவர்கள். அக்குருதியிலிருந்து பிறந்த கட்டுரைகள் இன்றும் உலக ஆய்வாளரால் எடுத்தாளப்படுகின்றன. கடன் ஒரு பக்கத்திலேயே ஏறி நிற்கின்றது. அளந்தவர் தரவேண்டிய விடை, மாத்திரையாக மட்டுமன்றித் தாங்கத்தக்க வேலையளவாகவும் போதிய கூலியாகவும் புளத்கொகுபிட்டியவின் லயங்களை அடையும் நாளிலேதான், உடற்றொழிலியல் உயிருள்ள உடலின் விஞ்ஞானம் என்னும் தன் பெயருக்கு உரித்துடையதாகும்.